பின்தெருவில் திறந்த கார் கதவு

1

இன்று காலை ஒரு நல்ல மனிதரைத் தமிழில் திட்டிவிட்டேன்.

மெல்பர்னில் நான் வேலைக்குப் போகும் கடைத்தெருவில் சைக்கிளுக்கென்று ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு இடது பக்கம் வரிசையாக நிறுத்திய கார்கள், வலது பக்கம் டிராம். நடுவில் நாம் போக வேண்டும். காலையில் நான் முன்னால், என் மகள் பின்னால். அவள் பள்ளி வரைக்கும் ஒரே வழி. ரொட்டிக் கடைக்கு எதிரில் நின்ற காரின் கதவு ஒரு சாண் திறந்தது. நான் பிரேக் பிடித்தேன். உள்ளே இருந்தவர் என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, மன்னிப்புக் கேட்டார். ஒரு தடவை இல்லை, மறுபடியும் மறுபடியும் கேட்டார். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அதோடு விட்டிருக்கலாம்.

நான் விடவில்லை. சைக்கிளை அவர் கதவில் சாத்தாத குறையாக நிறுத்திவிட்டு, "கண்ணு எங்க இருக்கு உங்களுக்கு? ஆளு வருதா போகுதான்னு பாக்க மாட்டீகளா? நீங்க எறங்குறதுக்கு அடுத்தவக சாகணுமா?" என்று காரைக்குடித் தமிழில் கத்தினேன். இருபது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் இங்கிலீஷில் சம்பாதித்து, இங்கிலீஷில் வரி கட்டி, இங்கிலீஷில் பல்வலிக்காரர்களுக்கு ஆறுதல் சொல்கிறேன். பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவளுக்கு அதுதான் வேலை. கோபம் வந்தால் மட்டும் அந்த மொழி எங்கேயோ ஓடிவிடுகிறது. அந்த மனிதர் பயந்துபோய்த் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மகள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். நான் யாரோ, அவள் யாரோ என்பதுபோல் போனாள். சாயங்காலம் வந்து, "அவர்தான் சாரி சொல்லிட்டாரே, நீ யாரைத் திட்டின?" என்று கேட்டாள்.

சரியாகத்தான் கேட்டாள். நான் திட்டியது அவரை இல்லை. என் அக்கா சைக்கிளிலிருந்து விழுந்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. ஊரில் இருப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

2

என் அக்கா பெயர் சௌந்தரம். ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் மருந்துக் கடைக்கு அவள்தான் பொறுப்பு. காலை ஏழு மணிக்குக் கடையைத் திறக்க வேண்டும். சாவி அவளிடம்தான். அவள் திறந்தால்தான் வார்டில் இருப்பவர்களுக்குக் காலை மாத்திரை.

அவள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி வரை நடந்தால் தூரம், பஸ்ஸுக்குக் கிட்டம். அந்த நேரத்துக்கு ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டில்தான் ஓடும், உள்ளே வராது. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிப் பார்த்தாள், பிடிக்கவில்லை. சைக்கிள் பிடித்திருந்தது. கல்லூரி நாளிலிருந்து ஓட்டுகிறாள். சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்கூடையில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு கிளம்பினால், வீட்டில் காபித் தம்ளர் ஆறுவதற்குள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்துவிடுவாள்.

நம் ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போக முடியுமா, அதெல்லாம் நடைமுறைக்கு ஒத்துவருமா என்று என்னிடம் வாட்ஸப்பில் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். காரைக்குடியில் மேடு கிடையாது. தெருக்கள் கோடு கிழித்ததுபோல் நேராகக் கிடக்கின்றன. ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு சாதாரண மனுஷி மூச்சு வாங்காமல் மிதித்துவிடலாம். நான் இங்கே மழையிலும் எதிர்க்காற்றிலும் ஏற்றத்தில் மிதிக்கிற மிதிக்கு, அந்த ஊர் சைக்கிளுக்கென்றே கட்டிய ஊர். வெயில் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. நாய் உண்டு. மூடி உடைந்த சாக்கடை உண்டு. அதையெல்லாம் அக்கா மனப்பாடமாக வைத்திருந்தாள். எந்தத் தெருவில் எந்த மூடி இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

அவளுக்குத் தெரியாமல் இருந்தது ஒன்றுதான். காருக்குள் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் எப்போது இறங்குவார் என்பது.

3

எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. வாசல் ஒரு தெருவில் இருக்கும், அதே வீட்டின் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கும். வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கல்யாணம், அறுபது வயதுச் சாந்தி என்று ஏதாவது நல்ல காரியம் வந்தால் சொந்தபந்தமெல்லாம் வெளியூரிலிருந்து வந்து திறப்பார்கள். அன்றைக்கு முன்வாசல் கோலமும் பந்தலும் மேளமுமாகப் பளிச்சென்று இருக்கும். கார்கள் கண்ணில் படக்கூடாது. அதனால் வந்த கார் அத்தனையும் பின்தெருவில் இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்கும்.

அந்தப் பின்தெருதான் அக்கா வேலைக்குப் போகிற வழி. இரண்டு பக்கமும் உயரமான சுவர், லாரி வராது, பஸ் வராது. அதைவிடப் பத்திரமான வழி ஊரிலேயே இல்லை என்பாள்.

அன்றைக்கு ஒரு வீட்டில் அறுபதாம் கல்யாணம். அதிகாலை முகூர்த்தம். சென்னையிலிருந்து வந்த ஒரு விருந்தாளி, முதல் பந்தி கூப்பிடட்டும் என்று காரிலேயே உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டார்கள் போலிருக்கிறது. ரோட்டுப் பக்கத்துக் கதவை முழுசாகத் திறந்தார். அக்கா அதில் மோதி எதிர்ப்பக்கம் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. நெற்றி கிழிந்தது.

அடுத்து நடந்ததை அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை.

"பின்வாசல்லருந்து நாலஞ்சு பேரு ஓடியாந்தாக கலா. தூக்கத்தான் வாராகன்னு நெனச்சேன். ஒரு பொம்பள கையில வாளி இருந்துச்சு. நல்ல காரியம் நடக்குற எடத்துல ரத்தம் கெடக்கக் கூடாதுன்னு, நான் கெடக்கையிலயே பக்கத்துல தண்ணிய ஊத்திக் கழுவுனாக. என் சேலையெல்லாம் நனஞ்சுபோச்சு."

பிறகு சமையல்காரர்கள்தான் காய்கறி கொண்டுவந்த வண்டியில் அவளை ஏற்றி, அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனார்கள். வண்டி கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாளாம். கழுவிய இடத்தில் ஒரு பெண் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

எனக்கு இன்னும் தூக்கம் கெடுவது அந்தக் கோலத்தை நினைத்தால்தான்.

4

அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், நாலு நாள் கழித்து எனக்குப் போன் செய்தபோது முதல் வாக்கியமே, "ஒண்ணும் பயப்படாதத்தா, சைக்கிள்லருந்து விழுந்துட்டா" என்பதுதான். கதவைப் பற்றிப் பேச்சே இல்லை. கேள்வி மேல் கேள்வி கேட்டுத்தான் கதவு வெளியே வந்தது.

"போலீஸ்ல சொன்னீகளா?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரியிலருந்து தகவல் போயி ஒரு போலீஸ்காரரு வந்தாரு. தானா விழுந்துட்டான்னு சொல்லிட்டேன்."

"ஏன் அத்தான் அப்படிச் சொன்னீக?"

அத்தான் சொன்னார்: "அந்த வீட்டாளுக எவ்வளவு மரியாதையா நடந்துக்கிறாக தெரியுமா? நம்மளால பந்தியில உக்கார முடியாமப் போச்சேன்னு மத்தியானமே ஆஸ்பத்திரிக்குக் கேரியர் அனுப்பிட்டாக. அதுலருந்து மூணு வேளையும் வருது. இடியாப்பம், கோசமல்லி, வெண்டைக்காய் மண்டி, கவுனி அரிசின்னு ஒண்ணு பாக்கியில்ல. போலீஸ்காரரு வந்தப்பவும் கேரியர் கொண்டாந்தவரு பக்கத்துலதான் நிக்கிறாரு. அவுக சாப்பாட்டச் சாப்புட்டுக்கிட்டே அவுக வீட்டு விருந்தாளி மேல எப்புடித்தா புகார் குடுக்குறது?"

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு இருக்காது. ஒரு வீட்டில் கைநனைத்துவிட்டால் அதோடு வாய் மூடிவிடும். அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டோம். விருந்துபசாரத்தில் எங்களை அடித்துக்கொள்ள ஆள் இல்லை என்று ஊர் உலகமெல்லாம் பெருமை பேசுகிறோமே, அந்த உபசாரத்தை எங்கே எப்படிக் கொண்டுபோய் வைப்பது என்று அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு மிரட்டல் இல்லை, பேரம் இல்லை. எவர்சில்வர் கேரியர்தான்.

அத்தான் சும்மாவும் இருக்கவில்லை. சைக்கிளைச் சங்கிலி போட்டுத் தூணில் கட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டார். இனி அவரே வண்டியில் கொண்டுபோய் விடுவதென்று முடிவாகிவிட்டது. முடிவு எடுத்தது யார்? அத்தான், அவருடைய அண்ணன், எங்கள் சித்தப்பா. அக்காவை யாரும் கேட்கவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையோடு அவள் வேலைக்குத் திரும்பினாள். அத்தான் குளித்து, பூசை முடித்து, பேப்பர் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். கடை திறக்க நேரமாகும். வார்டிலிருந்து நர்ஸ்கள் வந்து பூட்டின கதவு முன்னால் நிற்பார்கள். ஒரு மாதத்தில் ஆஸ்பத்திரி மேலாளர் அவளைக் கூப்பிட்டு, சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடலாமா என்று கேட்டுவிட்டார்.

அன்றைக்கு அக்கா போனில் அழுதாள். கை முறிந்ததற்கு அழாதவள்.

5

விஷயத்தை என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்ட முதல் கேள்வி: "பெரியம்மா ஹெல்மெட் போட்டிருந்தாங்களா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே ஹெல்மெட் சட்டம், பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே வளர்ந்தவள். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. மணிக்கட்டில் யாரும் ஹெல்மெட் மாட்டுவதில்லை. ஏன் சைக்கிளில் போனாள் என்று அத்தானும் சித்தப்பாவும் ஊரில் கேட்ட அதே கேள்வியைத்தான் இவள் இங்கே வேறு உடுப்புப் போட்டுக் கேட்கிறாள். விழுந்தவளைத்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். கதவைத் திறந்தவரை யாரும் ஏன் திறந்தீர்கள் என்று கேட்கவில்லை.

வெளிநாட்டை உயர்த்திப் பேசுகிறாள் என்று முணுமுணுக்காதீர்கள். இங்கேயும் சைக்கிளில் போகிறவளைப் பார்த்து ஹாரன் அடித்து, கண்ணாடியை இறக்கி, உன் ஊருக்குப் போ என்று கத்துகிறவர்கள் உண்டு. டிராம் தண்டவாளத்தில் சக்கரம் மாட்டி முட்டி பெயர்ந்தவள் நான். ஆனால் ஒன்று. முதன்முதலில் நான் கார் லைசன்ஸுக்கு ஓட்டிக் காட்டப் போனபோது, எல்லாம் நன்றாகவே ஓட்டினேன். வண்டியை நிறுத்தினேன். முடிந்துவிட்டது என்ற நிம்மதியில் கதவைத் திறந்து இறங்கினேன். தேர்வாளர் தலையை ஆட்டினார். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்க்காமல் திறந்தீர்கள், இன்னொரு நாள் வாருங்கள் என்றார். எனக்கு அப்படியொரு ஆத்திரம். ஓட்டுவதற்குத்தானே பரீட்சை, இறங்குவதற்குமா என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

இறங்குவதற்கும்தான். வலது பக்கக் கதவை இடது கையால் திறக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், கண் பின்னால் போகும். செலவில்லாத வித்தை. என் மகள் முன்பு ஒரு தடவை காரைக்குடிக்கு வந்திருந்தபோது வாடகைக் காரிலிருந்து அப்படித்தான் இறங்குவாள். பிள்ளைக்கு வலது கை விளங்காதா என்று சித்தப்பா பரிதாபமாகக் கேட்டார்.

சைக்கிள் பாதுகாப்பா என்று கேட்கிறார்கள். சைக்கிள் யாரை என்ன செய்தது? கேள்வியையே தப்பாகக் கேட்டுப் பழகிவிட்டோம்.

6

லீவு கிடைத்து நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். மகள் வரவில்லை, பரீட்சை என்றாள். பரீட்சை இல்லாவிட்டாலும் வந்திருக்க மாட்டாள், அது வேறு கதை.

நான் போன மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டுப் பெரியவரும் சென்னை விருந்தாளியும் வந்தார்கள். தாம்பாளத்தில் பழம், பூ, ஒரு சேலை. விருந்தாளி ஓய்வுபெற்ற அதிகாரி. மெல்லிய குரல், நல்ல மரியாதை. கெட்டவர் என்று சொல்லவே முடியாது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அத்தான் இரண்டு நாற்காலிகளைத் துண்டால் தட்டிப் போட்டார்.

"கெட்ட நேரம்மா, வேற என்ன சொல்றது" என்று ஆரம்பித்தார் விருந்தாளி. "நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தக் காலத்துல இங்கெல்லாம் சைக்கிள் ஓட்டறது பாதுகாப்பு இல்லம்மா. விட்டுடுங்க."

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அக்கா பேசினாள். குரல் ஏறவில்லை.

"பாதுகாப்பாத்தாங்க இருந்துச்சு. இத்தன வருசமா அந்தத் தெருவுலதான் போறேன். நீங்க கதவத் தொறந்த அன்னைக்குத்தான் இல்லாமப் போச்சு."

பெரியவர் சமாளித்துக்கொண்டு பேச்சை மாற்றினார். "அது கெடக்கட்டும். நம்ம வீட்டுச் சாப்பாடெல்லாம் ஒத்துக்கிச்சா ஆத்தா? வாய்க்கு ருசியா இருந்துச்சா?"

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. நான் ஒரு வாய் சாப்பிடல. கேன்டீன்ல ரெண்டு இட்லி வாங்கிச் சாப்ட்டேன், அம்புட்டு நாளும். கேரியரை இவுகதான் சாப்பிட்டாக."

அத்தான் முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஆசை தீரப் பார்த்தேன்.

அவர்கள் தாம்பாளத்தை வைத்துவிட்டுப் போகப் பார்த்தார்கள். அக்கா எழுந்து, சேலையோடு சேர்த்து எடுத்து, பெரியவர் கையிலேயே கொடுத்தாள். அவர்கள் போனதும் அத்தானிடம் வந்து கையை நீட்டினாள். வலது கை. இன்னும் முழுசாக மடங்காத கை.

"சாவியக் குடுங்க."

"அவுக மொகத்துல அடிச்ச மாதிரிப் பேசிட்ட. இப்ப சைக்கிள் வேறயா? ஆஸ்பத்திரி வாசல்ல ஒன்னய அந்தக் காய்கறி வண்டியில ரத்தத்தோட பாத்தவன் நான். ஒனக்கு வெளங்காது" என்றார் அத்தான்.

அவர் பயம் பொய்யில்லை. அதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பயப்படுவது அவர், வீட்டில் அடைபடுவது அக்காவா? பயந்தவர் போலீஸ்காரரிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். தெருமுனையில் நின்று கார்க்காரர்களோடு சண்டை போட்டிருக்கலாம். அதற்கெல்லாம் வராத வீரம் ஒரு சைக்கிளைத் தூணில் கட்டுவதற்கு வந்துவிட்டது. இதை அப்படியே அவரிடம் சொன்னேன். நீ நாளைக்கு பிளேன் ஏறிருவ, நாங்கதான இங்க இருக்கணும் என்றார். அது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

அக்கா நீட்டிய கையை மடக்கவேயில்லை. வலி கண்ணில் தெரிந்தது. கடைசியில் அத்தான் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார்.

7

மறுநாள் அக்கா தன் சைக்கிளில் முன்னால் போக, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சைக்கிளில் நான் பின்னால் போனேன். ஆஸ்பத்திரிக்கு நேரே போகாமல் அக்கா போலீஸ் ஸ்டேஷன் பக்கம் திரும்பினாள். என்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு சைக்கிளையும் வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு உள்ளே போனோம். மேசையில் இருந்தவர் எங்களை உட்காரச் சொல்லி, விவரம் கேட்டு, பழைய காகிதக் கட்டைத் தேடி எடுத்துப் படித்தார்.

"அம்மா, இது முடிஞ்ச விஷயமாச்சே. நீங்க தானா விழுந்ததா உங்க வீட்டுக்காரரே சொல்லியிருக்காரே?"

"சொல்லியிருப்பாரு சார்."

"பிறகு? கட்டின புருஷன் பொய்யா சொல்லுவாரு?"

நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். அக்கா என் தொடையில் கையை வைத்து அழுத்தினாள், பேசாதே என்று.

"அவரு அங்க இல்ல சார். விழுந்தது நான். என்னயக் கேட்டு எழுதுங்க."